உரிய கவனம்

செக்காலை ரோட்டில் செவிலியர் கல்லூரி மாடி.
செட்டியார் வீடொன்றை வாடகைக்கு எடுத்து
பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.
தேக்கு உத்தரத்தில் கடகடவென்று ஒரு ஃபேன்.
எட்டுப் பேர், ஒரு தட்டு சீயம்,
நடத்தை விதிகள் வரைவு, நாலாவது தடவை.
தலைமைச் செவிலி என்பதால்
பேனா என் கையில்.

விதி ஆறு:
‘செவிலியர் உரிய கவனத்துடன்
மருந்தளித்தல் வேண்டும்.’
எல்லோரும் தலையாட்டினோம்.
பொதுமக்கள் சார்பில் வந்திருந்த வைரவன்
பள்ளிக்கூடத்துப் பையன்போல் கை தூக்கினார்.
கோட்டையூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்.
விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை.

“உரியன்னா எத்தனை சுத்தும்மா?
நான் எண்ணித்தான் கட்டுறேன்.
உரிய சுத்துன்னு கட்டினா
சாயங்காலத்துக்குள்ள புகைஞ்சிரும்.”

யாரும் சிரிக்கவில்லை.
அவர் மகள் விஷயம் எங்களுக்குத் தெரியும்.
பகல் ஷிஃப்டில் போட்ட ஊசி
நோட்டில் ஏறவில்லை,
இரவு ஷிஃப்ட் மறுபடி போட்டது.
ஒரு நாளில்லை, நாலு நாள்.
பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.
இப்போது அவளைக் கூப்பிட
வலப்பக்கம் போய் நிற்க வேண்டும்.

பிலோமினா மேசையைத் தட்டினாள்:
“நாப்பது கட்டிலுக்கு நாங்க ரெண்டு பேரு.
ஒண்ணுக்குப் போக நேரமில்ல.
அதையும் விதியில எழுதுங்கக்கா.”
எழுதினேன்.
அது நிதித்துறை சமாச்சாரம் என்று
வக்கீல் அடித்துவிட்டார்.
அடித்த கோட்டுக்குக் கீழே
எழுத்து இன்னும் தெரிகிறது.

ஜன்னல் வழியே ஊருணி.
‘கால் கழுவாதீர்’ பலகை, பாதி துருப்பிடித்து.
யாரோ கால் கழுவிய பிறகுதான்
அதை எழுதியிருப்பார்கள்.
எந்த விதியையும் கொஞ்சம் சுரண்டினால்
அடியில் ஒரு ஈரக்கால் தடம்.

எனக்கும் ஒன்று உண்டு.

பள்ளத்தூர், தொண்ணூற்றேழு, ஐப்பசி மழை.
விடியக்காலம் மூன்றரை மணி.
பதினோராம் கட்டிலில் அசந்து தூங்கிய மனிதர்.
தெர்மாமீட்டரை உதறக்கூட
மணிக்கட்டில் தெம்பில்லை.
சார்ட்டில் 98.4 என்று எழுதினேன்.
முந்தின இரவும் அதுதான் இருந்தது,
கையெழுத்துகூட ஒரே சாய்வு.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.
காலையில் ரெண்டு இட்லி சாப்பிட்டார்,
மத்தியானம் தேவகோட்டை பஸ் ஏறிப் போனார்.
ஒன்றும் ஆகாததுதான் இத்தனை வருஷமாய்
செருப்புக்குள் கிடக்கும் கருவேல முள்.
ஆகியிருந்தால்
யாராவது கேட்டிருப்பார்கள்.

‘உரிய கவனத்துடன்’ என்பதை அடித்தேன்.
‘அளக்காததை எழுதாதே.
கொடுத்ததைக் கொடுத்த கையோடு எழுது.
எழுதியிராவிட்டால்
கேட்டுவிட்டுக் கொடு.’

“இது விதிமுறை நடையில்லையே மேடம்,”
என்றார் வக்கீல்.
“எனக்குப் புரியுது,” என்றார் வைரவன்.
“ஆஸ்பத்திரிச் சுவத்துல ஒட்டுனா
எம்மகளும் படிப்பா.”

“முதல் வரி எங்கேருந்துக்கா பிடிச்சீங்க?”
பிலோமினா சாதாரணமாகத்தான் கேட்டாள்.
“கேரளாக்காரங்க புத்தகத்துல,” என்றேன்.
பொய் அவ்வளவு சுலபமாக வந்தது,
98.4 மாதிரி.

சீயம் ஆறிப்போயிருந்தது.
யாரோ பக்கம் புரட்டினார்கள்.
விதி ஏழு:
‘நேர்ந்த பிழையைத்
தானே முன்வந்து தெரிவித்தல் வேண்டும்.’
இதற்கு யாரும் கை தூக்கவில்லை.
எல்லோரும் என் பேனாவைப் பார்த்தார்கள்,
அடுத்ததற்குப் போகலாமா என்று.

தண்ணீர் குடித்தேன்.
பேனாவை மூடாமல்
பிலோமினா பக்கம் தள்ளினேன்.
“நீ எழுது,” என்றேன்.
“பள்ளத்தூர். கட்டில் பதினொண்ணு.”